பிற்பாட்டுக்காரர்

மட்டக்களப்பில் எங்கள் பக்கத்துக் கூத்துகளில் அர்ச்சுனனையும் துரியோதனனையும் பார்க்க ஊரே கூடும். முடி வைத்து, கூடைபோல விரியும் கரப்புடுப்புக் கட்டி, சதங்கை அதிர வரவு ஆடுகிறவர்களை விட்டுக் கண்ணை எடுக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வந்தது. சின்ன வயதில் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஆடுகிற இடமான களரியின் நடுவில், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளத்துக்குப் பக்கத்தில், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற நாலைந்து பேரை. பிற்பாட்டுக்காரர்கள். ராசா படித்ததை, அதாவது பாடியதை, திருப்பிப் படிக்கிறவர்கள், ராசாவுக்கு மூச்சு வாங்கினால் பாட்டைக் கீழே விழ விடாமல் ஏந்திக்கொள்கிறவர்கள். குரல் கரகரப்பென்று பாத்திரம் கிடைக்காதவர், ஆடக் கால் வராதவர், ஒரு காலத்தில் ஆடி ஓய்ந்தவர் என்று கலந்த கூட்டம் அது. வேசக்காரர்கள் மாறி மாறி வந்து போவார்கள், இடையில் கோப்பி குடிப்பார்கள், திரைக்குப் பின்னால் ஒரு கண் அயர்வார்கள். பிற்பாட்டுக்காரருக்கு அந்த வசதி கிடையாது, இரவிரவாக நிற்க வேண்டும். அப்படியிருந்தும் விடியப்புறம் களரியில் ஆகத் தெளிவாக இருக்கிற முகங்கள் அவர்களுடையவைதான். அது ஏன் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.

அவர்களில் ஒருவர் பெரியப்பா. பெரியப்பாவுக்குக் கொன்னை, பேச்சுத் திக்கும். கடையில் போய் நின்று அவர் 'தேயிலை' என்று சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் தானே பைக்கற்றை எடுத்து வைத்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் அவரை எழுப்பி வாசிக்கச் சொன்னதில்லையாம். ஆனால் களரியில் நின்று படிக்கும்போது ஓரெழுத்துக்கூடத் தட்டாது. ஊர்ச்சனம் அதை அம்மாளின் அருள் என்றது. திக்கிப் பேசுகிறவர்களில் அனேகம் பேருக்குப் பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே சொல்லை ஒரே நேரத்தில் சொல்லும்போதும் திக்கு வெகுவாகக் குறைந்துவிடும் என்பது பேச்சு மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த விசயம் என்று பிறகு வாசித்தேன். சொல்லை எந்த இடத்தில் தொடங்குவது என்பதைத் தாளமும் பக்கத்தில் நிற்பவரின் குரலும் சொல்லிவிடுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. களரியை விட்டு இறங்கினால் கொன்னை திரும்ப வந்துவிடும். பெரியப்பாவுக்கும் அது தெரியும். அதனால்தானோ என்னவோ, கூத்துப் பழக்கம் தொடங்கும் காலத்தில் முதல் ஆளாக வந்து நிற்கிறவர் அவராகவே இருந்தார்.

இந்தப் பழைய கதை இப்போது கிளம்பியதற்குக் காரணம், நான் வேலை செய்யும் இடத்தில் நடந்த ஒரு செயலமர்வு. 'மன அழுத்த முகாமைத்துவம்' என்று தலைப்பு. குளிரூட்டிய மண்டபம், கையில் ஒரு கோவை, இடைவேளைக்கு ரோல்ஸும் பிளேன்டீயும். பயிற்றுநர் வெளிச்சத்தை அணைத்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, ஒலிபெருக்கியில் புல்லாங்குழலும் அருவிச் சத்தமும் போட்டார். இசையைப் போல மருந்து இல்லை என்றார். பக்கத்துக் கதிரைக்காரர் குறட்டை விடத் தொடங்கினார். அதுவும் ஒரு நன்மைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. மண்டபம் நிறைய மனிதரைக் கூட்டி வைத்துவிட்டு, எல்லோரையும் வாயை மூடிக்கொண்டு ஒரு பெட்டியைக் கேட்கச் சொல்வானேன்? பாட்டைக் கேட்பதும் படிப்பதும் ஒன்றா? வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. அதற்குப் பிறகுதான் இதைப்பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

கேட்பதும் படிப்பதும்

இரண்டும் ஒன்றில்லை என்று சொல்கிற ஆய்வு ஒன்று உடனேயே கிடைத்தது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்டது. பாடுகிறவர்கள், ஆடுகிறவர்கள், மேளம் அடிக்கிறவர்கள் ஆகியோர் எவ்வளவு வலியைத் தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். இசையைத் தாங்களே செய்தவர்களுக்குத் தாங்கும் அளவு கூடியது, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களுக்குக் கூடவில்லை. உடம்பு தானே சுரக்கும் எண்டோர்பின் என்ற வலிநிவாரணி வேலை செய்கிறது என்பதற்கு இதை ஓர் அடையாளமாக எடுக்கிறார்கள். மூளைக்குள்ளேயே போய் அளப்பது லேசான காரியம் இல்லை என்பதால் இப்படிச் சுற்றுவழியில் வருகிறார்கள். அடுத்த வருசம், 2013இல், சுவீடனின் கோதன்பேர்க் நகரத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைத்து இதயத் துடிப்பைப் பதிந்தார்கள். பாட்டின் வரிகள் போகிற போக்கில் எல்லோருடைய துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. மாயமந்திரம் ஒன்றும் இல்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகம் கொள்ளும், வெளியே விடும்போது மெதுவாகும். ஒரே வரியைப் படிக்கிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் மூச்சு எடுப்பார்கள். யோகா வகுப்பில் காசு கட்டிப் படிக்கிற நீண்ட மூச்சை, விருத்தம் ஒன்றை இழுத்துப் படிக்கிறவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மூச்சை நீளமாக விட்டால்தானே விருத்தம்.

இதையெல்லாம் அறியாமலே எங்கள் ஆட்கள் செய்துகொண்டிருந்தார்கள். கல்லடிக் கரையில் கரைவலை இழுத்தவர்கள் அம்பாப் பாட்டுப் படித்தது இழுவை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்பதற்காக. மாட்டைக் கொண்டு நெற்சூடு மிதித்த காலத்தில் களத்தில் பொலிப் பாட்டுப் பாடியது மாடும் மனிசரும் தூங்கிவிடாமல் சுற்றுவதற்காக. அறுவடை மெசின் வந்ததும் பொலி போய்விட்டது. அதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். இரவிரவாகச் சூடு மிதித்தவர்களைக் கேட்டுப்பாருங்கள், அவர்கள் மெசினுக்குத்தான் வாக்குப் போடுவார்கள். வேலை போன இடத்தில் அதன் பாட்டும் போவது இயற்கை. வேலை போகாத இடத்திலும் ஏன் போகிறது என்பதுதான் என் பிரச்சினை. வைகாசிச் சடங்கு நாட்களில் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகி கதை சொல்லும் வழக்குரை இன்னும் படிக்கிறார்கள், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் பாடுகிறார்கள். ஆனால் மிச்ச நேரம் முழுக்க நாலு பக்கமும் கட்டிய ஒலிபெருக்கியில் இறுவட்டுப் பாடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேசக்கூடக் கத்த வேண்டும். மார்கழித் திருவெம்பாவைக்கு விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் தெருத் தெருவாய்ப் படித்துப் போகிற கூட்டம் எங்கள் பக்கத்தில் இன்னும் அழியவில்லை. இருந்தாலும் லேண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிய ஒலிபெருக்கி முன்னால் படித்துக்கொண்டு போக, சனம் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு பேசாமல் பின்னால் நடப்பதையும் பார்த்திருக்கிறேன். மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் கேட்பது வாவியில் பாடுவதாகச் சொல்லும் மீனைத்தான். பாடுகிற வேலையை மீனிடம் கொடுத்துவிட்டு நாங்கள் கேட்கப் பழகிவிட்டோம் போலும்.

பள்ளிக்கூடத்தில் இது இன்னும் மோசம். தமிழ்த்தினப் போட்டி வருகிறது என்றால் நன்றாகப் பாடுகிற பிள்ளைகளைத் தெரிவு செய்வார்கள், அவர்களுக்குப் பயிற்சி நடக்கும். மற்றப் பிள்ளைகளுக்குக் கைதட்டுகிற வேலை. குரல் நல்லதா கூடாதா என்று ஒரு பிள்ளைக்கு எட்டு வயதிலேயே தீர்ப்பு எழுதி ஒட்டிவிடுகிறோம். அப்புறம் அந்தப் பிள்ளை குளியலறையில்கூட வாய் திறக்காது. பிற்பாட்டு என்று ஓர் இடத்தை ஏற்படுத்தி வைத்தவர்கள் இந்த விசயத்தில் எங்களைவிட விவரமானவர்கள் என்பது என் எண்ணம். தனியே நின்று படிக்கத் தேவையில்லாத, அதே நேரம் அவர்கள் இல்லாவிட்டால் கூத்தே நடக்காத ஓர் இடம்.

பாயில் இருந்தவர்கள்

இவ்வளவும் எழுதியதோடு 'அந்தக் காலம் போல வருமா' என்று பெருமூச்சு விட்டு முடித்துக்கொள்ளலாம். எனக்கு அது முடியாது. களரியின் நடுவில் நின்ற அந்த நாலைந்து பேரில் ஒரு பெண்ணும் இல்லை. பெண் வேசத்தையே ஆம்பிளைதான் கட்டினார். நாங்கள் பாயில் இருந்தோம். அம்மாவுக்கு எங்கள் ஊரில் ஆடுகிற கூத்துகள் முழுக்க மனப்பாடம், கொப்பி பார்த்து வரி எடுத்துக் கொடுப்பவர் தடுமாறினால் அடுத்த வரி அம்மாவின் நாக்கு நுனியில் நிற்கும். படித்ததெல்லாம் அடுப்படியில், தனியே. சந்தோசம் என்றால் குரவை போடலாம், பிள்ளைக்குத் தாலாட்டலாம். பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து நெஞ்சைத் திறந்து குரலெடுக்க ஊர் விட்டுவைத்த இடம் என்று யோசித்துப் பார்த்தால் செத்தவீடுதான். அங்கே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒப்பாரி சொல்லும்போது யாரும் குரல் நல்லதா என்று கேட்பதில்லை. டவுனில் படித்த காலத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் நின்ற என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பொறாமை. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் சிநேகிதி சொல்வாள், களிகம்பு ஆட்டமும் றபான் மேளமும் அங்கேயும் ஆம்பிளைகளுக்குத்தான், அவர்களுக்கும் கலியாண வீட்டுக் குரவைதான் மிச்சம் என்று.

இப்போது கொஞ்சம் இளகியிருக்கிறது. கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பெண்பிள்ளைகள் கூத்தாடுவதைப் பார்த்துப் பார்த்துச் சனத்துக்குப் பழகிவிட்டது. எங்கள் ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள், பெரும்போக அறுவடை முடிந்து கையில் கொஞ்ச நேரம் இருந்த ஒரு காலத்தில், தாங்களும் ஒரு சின்னக் கூத்துப் பழகுவது என்று தீர்மானித்தார்கள். வயதான அண்ணாவியார் ஒருவர் சம்மதித்தார். "விளையாட்டுக்கு எண்டா நான் வரமாட்டன்" என்று முதலே சொல்லிவிட்டார். அவரவர் பாத்திரத்துக்கான பாட்டை எழுதிச் சட்டம் கொடுக்கிற அன்று எல்லோரும் ராசா வேசத்துக்குச் சண்டை. நான் பிற்பாட்டுக்கு நிற்கிறேன் என்றேன். மனிசன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்குத்தான் புள்ள ஆக்கள் கிடைக்கிறதில்ல" என்றார்.

பழக்கம் தொடங்கியதும் இடித்தது சுருதி. கூத்தில் சுருதிப்பெட்டி கிடையாது, முதலில் பாட்டை எடுக்கிறவர் எந்த உயரத்தில் எடுக்கிறாரோ அதுதான் சுருதி. அண்ணாவியார் ஆம்பிளைகளுக்கு எடுத்துப் பழகிய உயரத்தில் எடுத்தார். அதோடு போனால் எங்கள் குரல் அடித்தொண்டையில் கிடந்து முனகியது. அதற்கு மேற்கட்டையில் போனால் கீச்சிட்டது. பல மாலைகள் இப்படியே வீணாயின. பிற்பாட்டுக்கு நின்ற நாங்கள் ஒவ்வொருவரும் பயந்து பயந்து, தன் குரல் எங்கே போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் போனோம். பக்கத்து வளவு வேலியில் நின்ற பெடியன்களின் சிரிப்பு வேறு.

ஒரு நாள் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தினார். "நீங்க ஒவ்வொருத்தரும் உங்கட குரலைக் கேட்டுக்கொண்டு படிக்கிறீங்க. பக்கத்தில நிக்கிற ஆளின்ட குரலைக் கேளுங்க. உங்கட குரல் உங்களுக்குக் கேட்டா அது பிழை" என்றார். பிறகு எங்களில் மூத்தவரைப் பார்த்து, "நீ எடு புள்ள, உனக்கு வாற மாதிரி எடு" என்றார். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற மனிசி அவர். கரையோரத்தில் இருந்தவர், 2004 சுனாமியில் வீட்டையும் வீட்டில் இருந்தவர்களையும் இழந்து தங்கச்சியோடு வந்து இருக்கிறார். அக்கா கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்தார். அது போருக்குப் புறப்படுகிற ராசாவின் பாட்டு. அவர் எடுத்தது ஒப்பாரி எடுக்கிற உயரத்தில். எங்கள் ஒருவருக்கும் யாரும் சொல்லித் தரத் தேவை இருக்கவில்லை. அந்த உயரம் எங்களுக்குத் தெரியும். எத்தனை வீட்டு முற்றத்தில் அந்த உயரத்தில் நின்றிருக்கிறோம். இரண்டாம் வரியில் நாங்கள் எல்லோரும் உள்ளே போய்விட்டோம். அண்ணாவியார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும். தாளத்தை மட்டும் ஒருமுறை அழுத்தி அடித்து, ராசாவின் நடைக்குக் கொண்டுவந்தார். துயரத்துக்கென்று வைத்திருந்த குரலில் நாங்கள் வில்லை எடு, தேரைப் பூட்டு என்று படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த இடத்தில்தான் என் குரல் எனக்குக் கேட்காமல் போனது. தேடிப் பார்த்தேன், இல்லை. வாய் திறந்திருக்கிறது, விலாவெலும்பு விரிகிறது, தொண்டை அதிர்வது தெரிகிறது, ஆனால் வெளியே இருப்பது ஒரே ஒரு குரல், அது யாருடையதும் இல்லை. என்னுடைய குரல் எனக்கு எப்போதும் ஒரு தொந்தரவு. கூட்டத்தில் பேச எழுந்தால் நடுங்கும், தொலைபேசியில் பதிந்து கேட்டால் வேறு யாரோ மாதிரி இருக்கும். அதை ஒரு பத்து நிமிசம் இறக்கி வைக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாட்டு முடிந்ததும் ஏனென்று தெரியாமல் எல்லோரும் சிரித்தோம், வேலியில் நின்ற பெடியன்கள் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "வீட்டில கத்தினா விசர் எண்டுறாங்க, இஞ்ச கத்தினா பாட்டு எண்டுறாங்க. இது நல்லாத்தான் இருக்குகா" என்றார். சுனாமிக்குப் பிறகு உளவளத்துணை என்று வந்த எத்தனையோ பேர் படிவத்தோடு முன்னால் இருந்து 'உங்கள் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள்' என்று கேட்டதைப் பற்றி இன்னொரு நாள் சொன்னார். அவர்கள் நல்ல பிள்ளைகளாம். ஆனால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லையாம். அதைப்பற்றி நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. களரியில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை என்பது அதன் பெரிய வசதி.

மருந்து என்று சொல்லலாமா

சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. பழக்கம் நடந்த நாட்களில் நன்றாக நித்திரை வந்தது என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் நுண்கடன் தவணை வாங்க வருகிற மோட்டார் சைக்கிள் அதே கிழமையில் அதே நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பாட்டுக்கு வட்டி குறையாது. ஆய்வுகளையும் அளந்துதான் எடுக்க வேண்டும். 2016இல் வேல்சில் புற்றுநோய் நோயாளர், அவர்களைப் பராமரிப்பவர்கள், அவர்களை இழந்தவர்கள் என்று 193 பேர் சேர்ந்து ஒரு மணித்தியாலம் பாடிய பிறகு அவர்களுடைய கோர்ட்டிசோல் என்ற அழுத்தச் சுரப்பு குறைந்திருந்தது என்று டெய்சி ஃபான்கோர்ட்டும் அவருடைய குழுவினரும் எழுதினார்கள். நல்ல செய்தி. ஆனால் அதில் பாடாமல் சும்மா கூடியிருந்த ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதே ஃபான்கோர்ட் 2018இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்குக் கூடுதல் நம்பிக்கை தந்தது. மகப்பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு இருந்த 134 தாய்மாரைப் பிரித்து, சிலரைப் பிள்ளைகளோடு சேர்ந்து பாட வைத்தார்கள், சிலரை விளையாட்டுக் குழுவில் விட்டார்கள், சிலருக்கு வழமையான கவனிப்பு மட்டும். சோர்வு கூடுதலாக இருந்தவர்களில் பாடியவர்கள், வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். தாலாட்டை நாங்கள் தனியே இருட்டில் பாடுகிறோம். அவர்கள் கூடியிருந்து பாடினார்கள்.

எனக்கு ஆகப் பிடித்தது 2015இல் ஒக்ஸ்போர்ட் குழு வெளியிட்ட ஏழு மாத ஆய்வு. வளர்ந்தவர்களுக்கான மாலை வகுப்புகள் சில. ஒரு பக்கம் பாட்டு, இன்னொரு பக்கம் கைப்பணியும் எழுத்தும். கடைசியில் பார்த்தால் எல்லா வகுப்புக்காரரும் தங்களுக்குள் ஒரே அளவுக்கு நெருங்கியிருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், பாடியவர்கள் தொடக்கத்திலேயே மளமளவென்று நெருங்கிவிட்டார்கள். ஆக, சேர்ந்து பாய் இழைத்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம், கொஞ்சம் பிந்தும். எங்கள் ஊரில் அந்த வேகத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. எந்தக் குடி, கோயிலில் யாருக்கு எந்த முறை, சண்டைக் காலத்தில் யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் போனது என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தே காலம் கழித்த சனம் நாங்கள். பிற்பாட்டுக்கு என் இடப்பக்கம் நின்றவளோடு எங்கள் வீட்டார் எல்லைக் கல் தகராறில் வெகுகாலம் கதைத்ததில்லை. அவளுடைய குரலைக் கேட்காமல் எனக்குப் பாட்டு வராது என்றானபோது, கதைக்காமல் இருப்பது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. எல்லைக் கல் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது, அது வேறு விசயம்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகைக்கு 61 பேர் போனார்கள். அதில் 53 பேருக்குக் கொரோனா நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். ஆழமாக மூச்சு எடுத்து, பக்கத்தில் நெருங்கி நின்று, வாய் நிறைய விடுகிற அதே மூச்சுத்தான் காரணம். பின்னர் அதே நோய் வந்து மூச்சுத் திணறல் விடாமல் தொடர்ந்தவர்களுக்கு இங்கிலாந்தின் தேசிய ஒபராக்காரர்கள் பாட்டின் வழியாக மூச்சுப் பழக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாக வெக்கை பிடித்த மண்டபத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு பாடுவதைவிடக் கோயில் வளவில் வேப்பமரத்துக்குக் கீழே நின்று படிப்பது எவ்வளவோ மேல் என்று மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கூத்து அரங்கேறியது. பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை, ராசா இரண்டு இடத்தில் ஆட்டத்தை மறந்தார், ஒலிபெருக்கிக்காரத் தம்பி மைக்கை ராசாவுக்கு மட்டும் வைத்திருந்தார். அது முடிந்ததும் நாங்கள் கூத்துக் குழுத் தலைவரிடம் போய்க் கேட்டோம்: அடுத்த முறை ஊரின் பெரிய கூத்தில், ஆம்பிளைகள் ஆடுகிற கூத்தில்தான், பிற்பாட்டுக்கு எங்களையும் நிற்க விடுங்கள். வேசம் வேண்டாம், மைக்கும் வேண்டாம். இருக்கிற பிற்பாட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி என்பது ஊருக்கே தெரியும். தலைவர் செருமிக்கொண்டு, சுருதி ஒத்துவராதே என்றார். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் அக்கா. "சரி, வாற வருசம் பாப்பம்" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார். வாற வருசம் எந்தக் கூத்து என்று அவர்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. எது வந்தாலும் பரவாயில்லை, அம்மாவிடம் எல்லாக் கூத்துக்கும் பாட்டு இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.